மூன்றாவது சிலிண்டர்

கார் ஓட்டுகிறவனைவிடப் பின்சீட்டில் படுத்திருக்கிறவனுக்குத்தான் எஞ்சின் சத்தம் அதிகம் கேட்கும். அண்ணன் நோயில் விழும்வரை எனக்கு இது தெரியாது. பதினைந்து வருஷம் வண்டி ஓட்டியிருந்தும் ஒரு நாள்கூட நான் பின்சீட்டில் படுத்துப் பார்த்ததில்லை.

எழுபதுகளில் ஒரகடம் கூட்டுரோட்டில் வாடகைக்கு நின்ற பிளசர் கார் என்னுடையது ஒன்றுதான். இப்போது அங்கே கம்பெனி பஸ்கள் நிற்கிற நிற்பில் ரோட்டைக் கடக்கவே பயமாக இருக்கிறது. அப்போது ஒரு டீக்கடை, ஒரு சைக்கிள் கடை, அப்புறம் நான். ஊர் அழகாக இருந்தது என்றெல்லாம் கதை விட மாட்டேன். வெயில், புழுதி, வராத பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஜனம், அவ்வளவுதான். கார் எனக்கு முன்பே இரண்டு பேர் ஓட்டிக் களைக்கவைத்த வண்டி. மாப்பிள்ளை அழைப்புக்கும் அதுதான், அவசரத்துக்கு ஆஸ்பத்திரி போகவும் அதுதான். ஓட்டுவதும் நானே, ரிப்பேர் பார்ப்பதும் நானே. பானெட்டை இன்னொருத்தன் தொட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அண்ணன் என்னைவிட ஏழு வயது மூத்தவர். சேரப்பணஞ்சேரியில் எங்கள் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வெடுக்கென்று பேசி ஊரில் பாதிப் பேரைப் பகைத்துக்கொண்டவன். அவர் நான் பத்து வார்த்தை பேசினால் ஒரு வார்த்தை பேசுவார், அதுவும் மாட்டிடம். நாற்பது வயதைத் தாண்டியதும் வயிற்றுவலி என்று படுத்தார். உள்ளே கட்டி இருக்கிறது என்று செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வாரம் ஒரு தரம், சில வாரம் இரண்டு தரம், சிங்கப்பெருமாள்கோயில் வழியாகக் கொண்டுபோய்க் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவருவேன். பின்சீட்டில் அண்ணி மடியில் தலை வைத்துப் படுத்தபடி வருவார்.

மூன்றாவது தடவை என்று நினைக்கிறேன். திரும்பி வரும் வழியில் கேட்டார்.

"டேய், டக்கு டக்குனு அடிச்சிக்கினே கீதே, அது இன்னாடா?"

"டாப்பெட்டுண்ணா. எஞ்சின்ல வால்வத் தட்டித் தட்டித் தொறக்கும். எல்லா வண்டியிலயும் கீறதுதான்."

"வயித்துக்குள்ளயே தட்டறாப்பல கீதுடா. கொஞ்சம் நிறுத்தக் கூடாதா?"

அண்ணன் அதுவரை என்னிடம் எதுவும் கேட்டதில்லை. கொடுத்துத்தான் பழக்கம். அன்றைக்குச் சாயங்காலமே எஞ்சினின் மேல்மூடியைக் கழற்றினேன். டாப்பெட்டுக்கும் வால்வுக்கும் நடுவில் மெல்லிய தகட்டுக் கனத்துக்கு ஓர் இடைவெளி விட்டிருப்பார்கள். எஞ்சின் சூடானால் வால்வு நீளும், நீளுவதற்கு அந்த இடம் வேண்டும். சத்தம் வருவதும் அந்த இடைவெளியால்தான். அதை அடைத்துவிட்டால் சத்தம் போய்விடும், ஆனால் சூட்டில் வால்வு முழுசாக மூடாமல் நெருப்பு கசிந்து கசிந்து விளிம்பு எரிந்துபோகும். இது ஸ்பேனர் பிடிக்கிற எவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் எங்கள் பக்கத்து வாடகைக் கார்க்காரர்கள் கல்யாண சவாரிக்கு முன்னால் டாப்பெட்டைக் கொஞ்சம் இறுக்கத்தான் செய்வோம். சத்தம் வராத வண்டியைத்தான் ஜனம் நல்ல வண்டி என்று நம்பும். நான் கொஞ்சம் இறுக்கவில்லை, நன்றாகவே இறுக்கினேன். அண்ணன் எழுந்து நடமாடுகிறவரைதானே, அப்புறம் பழையபடி வைத்துவிடலாம் என்று என் கெட்டிக்காரத்தனம் சொன்னது.

அடுத்த தடவை போகும்போது அண்ணன் சிங்கப்பெருமாள்கோயில் வரை தூங்கிக்கொண்டு வந்தார். அங்கே ரயில்வே கேட்டில் வண்டி நின்றபோது கண்ணைத் திறந்து, "வண்டி ஓடுதாடா?" என்று கேட்டார். எனக்கு அன்றைக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது.

அந்தப் பெருமை ஒரு மாதம்கூட நிற்கவில்லை. வண்டி நிற்கும்போது எஞ்சின் தன்பாட்டில் மெதுவாக ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அதை நாங்கள் ஸ்லோ என்போம். அந்த ஸ்லோ கெட்டுப்போனது. மூன்று அடி ஒழுங்காக வைத்து நாலாவது அடியில் நொண்டியது. ஸ்டியரிங் கையில் உதறியது, கண்ணாடிகள் கடகடத்தன, பின்சீட்டு குலுங்கியது. ஓட்டத்தில் ஒன்றும் தெரியாது. நின்றால் போதும், வண்டவாளம் வெளியே வந்துவிடும்.

"இன்னாடா, வண்டிக்குக் குளிர் ஜுரமா?" என்றார் அண்ணன். அவர் கேலி பேசியது எனக்கு நினைவிருக்கிற வரையில் அதுதான் கடைசி.

நான் தேட ஆரம்பித்தேன். ப்ளக்குகளைக் கழற்றிச் சுத்தம் செய்தேன். பாயிண்டைத் தேய்த்து வைத்தேன், கண்டென்சரை மாற்றினேன். டிஸ்ட்ரிபியூட்டரை மயிரிழை முன்னே திருப்பிப் பார்த்தேன், பின்னே திருப்பிப் பார்த்தேன். கார்பரேட்டரைப் பிரித்து ஜெட்டை வாயால் ஊதி ஊதி, இரண்டு நாள் சோறெல்லாம் பெட்ரோலாக நாறியது. காற்றுத் திருகை அரைச்சுற்று உள்ளே, கால்சுற்று வெளியே என்று காது வைத்து வைத்துத் திருகினேன். எங்கேயாவது காற்றை இழுக்கிறதோ என்று எஞ்சின் ஓடும்போதே இணைப்புகளைச் சுற்றி எண்ணெய் சொட்டுவிட்டுப் பார்த்தேன். இழுத்தால் சத்தம் மாறும், மாறவில்லை. அப்போதும் விடாமல் கேஸ்கட்டை மாற்றினேன். மேல்மூடியை மட்டும் திறக்கவில்லை. நான் கைவைத்த இடத்தைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் குற்றம் தேடினேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதை.

எதற்கும் மசியாதபோது ஒரு திருட்டு வேலை செய்தேன். கார்பரேட்டரில் ஸ்லோ ஸ்க்ரூ என்று ஒன்று உண்டு. அதை உள்ளே திருகினால் நிற்கும்போதும் எஞ்சின் வேகமாக ஓடும், வேகத்தில் நொண்டல் மறைந்துவிடும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதுதான். வாரத்துக்கு வாரம் அந்த ஸ்க்ரூவை இன்னும் கொஞ்சம் உள்ளே திருக வேண்டியிருந்தது. வாரத்துக்கு வாரம் அண்ணனும் இளைத்துக்கொண்டே வந்தார்.

எங்கள் பக்கத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. வெளியே உயிர் போனவனை ஊருக்குள் கொண்டுவரக் கூடாது. ஏரிக்கரையில் புளியமரத்தடியில் கிடத்திவிடுவார்கள். வீட்டுப் பெண்கள் அங்கே வந்து அழுதுவிட்டுப் போக வேண்டும், அங்கிருந்து நேராகச் சுடுகாடு. ஒரு சொட்டு மூச்சு இருந்தால் போதும், வீட்டு வாசல் வரை வரலாம், சொந்த நடுவீட்டில் படுக்கலாம், பிள்ளைகள் கையால் பால் குடிக்கலாம். அதனால்தான் ஆஸ்பத்திரியில் கைவிட்டார்கள் என்றால் எங்கள் ஜனம் ஒரு நிமிஷம் தங்காது. அள்ளிப்போட்டுக்கொண்டு ஓடிவரும். மூச்சுக்கும் வண்டிக்கும் பந்தயம்.

அண்ணன் என்னிடம் கேட்ட இரண்டாவது விஷயம் இதைப் பற்றித்தான். ஆஸ்பத்திரியிலேயே சேர்த்துவிட்ட பிறகு, அண்ணி சோற்றுப் பாத்திரம் கழுவப் போயிருந்த சமயம் பார்த்து என் கையைப் பிடித்தார்.

"போன மழைக்கு நம்ம பக்கத்துக் கழனிக்காரன் செத்தான் தெரியுமில்ல? புளியமரத்தாண்ட போட்டுட்டாங்க. மழை. கொடை புடிச்சது நான்தான்."

"இப்ப எதுக்குண்ணா அதெல்லாம்?"

"கேளுடா. அவன் பொண்டாட்டி வூட்டப் பாக்கறா, அவனப் பாக்கறா. கூப்பிடு தூரத்துல வூடு. தூக்கிக்கினு போவ முடியல. என்ன அங்க போட்டுடாதடா. மூச்சோட வூட்டாண்ட சேத்துடு, அது போதும்."

"நான் வண்டி வெச்சிக்கினு கீறேன், நீ இன்னாண்ணா இப்பிடிப் பேசற?" என்றேன். என்ன திமிர் எனக்கு!

அன்றைக்குத் திரும்பும்போது வண்டி வழியில் மூன்று தடவை நின்றது. வெட்கத்தை விட்டு ஸ்ரீபெரும்புதூருக்கு ஓட்டிக்கொண்டு போனேன். அங்கே டிரங்க் ரோட்டில் லாரிகளுக்கு வேலை பார்க்கிற மெக்கானிக் ஒருத்தன் இருந்தான். என் வயதுதான், எனக்கும் அவனுக்கும் ஆகவே ஆகாது. பானெட்டைத் திறந்துவிட்டு நான் ஒதுங்கி நின்றேன். அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டான்.

"மேல இன்னாப்பா, சத்தமே காணோம்?" என்றான்.

துணியைக் கையில் சுற்றிக்கொண்டு ப்ளக் ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். முதல் ஒயரைப் பிடுங்கியதும் எஞ்சின் தொய்ந்தது. மாட்டிவிட்டு இரண்டாவதைப் பிடுங்கினான், தொய்ந்தது. மூன்றாவதைப் பிடுங்கினான். ஒரு மாற்றமும் இல்லை. இருந்தால் என்ன, போனால் என்ன என்று எஞ்சின் அதேபோல நொண்டிக்கொண்டிருந்தது. நாலு பேர் சுமக்கிற பல்லக்கில் ஒருத்தன் கையை மட்டும் வைத்துக்கொண்டு நடந்திருக்கிறான். எஞ்சினை அணைத்துவிட்டு முன்னால் ஹாண்டிலைப் போட்டு மெதுவாகச் சுற்றினான். மூன்று தடவை கையை எதிர்த்துத் தள்ளியது, நாலாவது தடவை பொத்தலான பந்து மாதிரி சொய்யென்று போயிற்று.

"மூணாவது சிலிண்டர்ல வால்வு எரிஞ்சி போச்சி. யாரு வெச்ச டாப்பெட்டு இது?"

"வாங்கசொல்லவே இப்பிடித்தான் இருந்துச்சி."

அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை, சண்டை போட்டிருப்பேன். சிரிக்கவில்லை.

"ஹெட்டக் கழட்டணும். வால்வு மெட்ராஸ்லேர்ந்து வரணும். மூணு நாள் வண்டிய வுட்டுட்டுப் போ. அதுவரைக்கும் ஓட்டாதப்பா. நின்னா நின்னதுதான்."

அண்ணன் ஆஸ்பத்திரியில் இருக்கிறார், வண்டியை விட முடியாது என்றேன். ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன். பின்னால் ஒரு நாள் அந்த ஹெட்டைக் கழற்றியபோது பார்த்தேன். வால்வின் விளிம்பு எலி கடித்த தேங்காய்ப் பத்தையாக இருந்தது. ஆனால் அது காலம் கடந்த பிறகு.

ஞாயிறு வரவில்லை. மறுநாள் காலையிலேயே டாக்டர் அண்ணியையும் என்னையும் வராந்தாவுக்குக் கூப்பிட்டு, "வீட்டுக்கு அழைச்சிட்டுப் போங்க. சாயங்காலம் வரைக்கும் தாங்கலாம்" என்றார். அந்த வார்த்தைக்கு அகராதி வேண்டியதில்லை. அண்ணி அழவில்லை. துணிகளை மூட்டையாகக் கட்டினாள். ஊருக்குச் செய்தி சொல்ல உறவுக்காரர் ஒருவரைப் பஸ்ஸில் முன்னால் அனுப்பினோம்.

என் வண்டியை நான் நம்பவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு டாக்ஸி நின்றன, ஓடிப்போய்க் கேட்டேன். ஸ்ட்ரெச்சரில் அண்ணன் முகத்தைப் பார்த்ததும் இரண்டு பேரும் பின்வாங்கினார்கள். "நடுவழியில இன்னாவது ஆயிட்டா, அப்புறம் எவன் நைனா கல்யாணத்துக்கு என் வண்டியக் கூப்புடுவான்?" என்றான் ஒருத்தன். அவனைத் திட்ட வாய் வரவில்லை. இதே வார்த்தையை நானும் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்! ஸ்லோ ஸ்க்ரூவை இன்னும் ஒரு சுற்று உள்ளே திருகிவிட்டு, அண்ணனைப் பின்சீட்டில் ஏற்றினோம்.

வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. ஓடுகிறவரை வண்டி நன்றாகவே ஓடியது. அண்ணனின் மூச்சு எனக்கு முன்சீட்டில் கேட்டது, இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். அது கேட்கிற வரையில் நல்லது என்று ஓட்டினேன். சிங்கப்பெருமாள்கோயிலில் கேட் போட்டிருந்தது.

எனக்கு முன்னால் ஒரு லாரியும் இரண்டு மாட்டு வண்டியும் நின்றன. எஞ்சினை அணைக்கக் கூடாது, அணைத்தால் தீர்ந்தது. ஆக்ஸிலேட்டரில் காலை வைத்து எஞ்சினைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். ஒரு கூட்ஸ் போயிற்று. கேட் திறக்கவில்லை. சூட்டில் எஞ்சின் மேலும் நொண்டியது, நான் இன்னும் அழுத்தினேன். அடுத்த ரயில் வருகிற பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தம்பி, அந்தத் தண்ணிச் செம்ப எடு. ஒதடு காயுது" என்றாள் அண்ணி.

செம்பு எனக்குப் பக்கத்தில் கீழே இருந்தது. குனிந்தேன். கால் நழுவிவிட்டது. எஞ்சின் இரண்டு தடவை உதறிவிட்டு நின்றுபோனது.

செல்ஃப் பொத்தானை அழுத்தினேன், டிக் என்றதோடு சரி. பேட்டரியில் உயிர் இல்லை. கேட் திறந்தார்கள். பின்னாலிருந்த லாரிகள் ஹாரன் அடித்துவிட்டு என்னைச் சுற்றிக்கொண்டு போயின. தள்ளுவதற்கு நாலு பேரைக் கூப்பிட்டேன், வந்தார்கள். பின்சீட்டைப் பார்த்ததும் ஒருவர் பின் ஒருவராகக் கையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஹாண்டிலை எடுத்துப் போட்டுச் சுற்றினேன். பெட்ரோல் அடைத்துக்கொண்டு இருமியதே தவிர பிடிக்கவில்லை. ஆக்ஸிலேட்டரை யாராவது தரையோடு அழுத்திப் பிடித்தால்தான் பிடிக்கும். சுற்றுவதற்கு நான் ஒருத்தன், அழுத்துவதற்கு இன்னொருத்தர் வேண்டும். வண்டியில் இருந்தது அண்ணி மட்டும்.

"அண்ணி, கொஞ்சம் முன்னாடி வரணும்."

அவள் என்னைப் பார்த்தாள். மடியில் இருந்த தலையைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் துணி மூட்டையை எடுத்து அண்ணன் தலைக்கு அடியில் வைத்துவிட்டு இறங்கி வந்தாள். முன்சீட்டில் அவள் உட்கார்ந்ததே இல்லை. எதை அமுக்கணும் என்று கேட்டுவிட்டு, மண்டியிட்டுக் குனிந்து இரண்டு கையாலும் அழுத்தினாள். வெளியே நின்ற எனக்கு அவள் முதுகு மட்டும்தான் தெரிந்தது.

"அமுக்குங்க! வுட்றாதீங்க!" என்று கத்திக்கொண்டே சுற்றினேன். ஹாண்டில் ஒரு தடவை எதிர்த்து அடித்ததில் மணிக்கட்டு வீங்கிவிட்டது. இடது கையால் சுற்றினேன். பத்து நிமிஷமா, இருபது நிமிஷமா, எனக்குத் தெரியாது. கடைசியில் எஞ்சின் கருப்பாகக் கக்கிக்கொண்டு பிடித்தது. அண்ணி அழுத்திக்கொண்டிருக்கும்போதே ஸ்லோ ஸ்க்ரூவை முழுக்க உள்ளே திருகிவிட்டேன். நான் கதவை எட்டிப்பிடித்து ஆக்ஸிலேட்டரில் காலை வைத்துக்கொண்டேன், அண்ணி இறங்கிப் பின்னால் போனாள்.

கண்ணாடியில் பார்த்தேன். அண்ணன் தலையை மறுபடி மடியில் வைத்திருந்தாள். ஒரு கையால் அவர் கண்களைத் தடவிவிட்டாள். இன்னொரு கையை மோவாய்க்கு அடியில் கொடுத்து மேலே அழுத்திப் பிடித்திருந்தாள். அப்படி எப்போது பிடிப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

"அண்ணி" என்றேன்.

"போ தம்பி. மூச்சு கீது" என்றாள். ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. காது கொடுத்துக் கேட்கவும் இல்லை, எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை என்று வைத்துக்கொண்டேன். அந்த நேரம் முழுக்க அண்ணன் ஒரு துணி மூட்டையில் தலை வைத்துத் தனியாகக் கிடந்தார். கட்டியவளை அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டுபோய் ஆக்ஸிலேட்டரில் உட்கார வைத்தவன் நான். சத்தம் வராமல் இருக்கட்டும் என்று டாப்பெட்டை இறுக்கியவனும் நான்தான். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்று ஊரில் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். ஒரகடம் வரையில் என்னை நானே கெட்ட கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டு ஓட்டினேன்.

சேரப்பணஞ்சேரி ஏரிக்கரையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். பங்காளி முறையில் எங்களுக்குப் பெரியப்பா ஒருவர், அவர்தான் ஊரில் இதற்கெல்லாம் முன்னால் நிற்பவர். கையை உயர்த்தினார். புளியமரத்தடியில் ஏற்கெனவே ஒரு பாய் விரித்து வைத்திருந்ததைப் பார்த்தேன்.

"உசுரு கீதாம்மா?" என்றார்.

"கீது மாமா. வெயில்ல மயக்கமா கீறாரு" என்றாள் அண்ணி. குரல் பிசிறவில்லை. அப்புறம் என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "தம்பி, வண்டிய மட்டும் அணைச்சிடாத."

பெரியப்பா பின்பக்கம் நடந்து வந்தார். பார்க்காமல் விடமாட்டார், அது அவர் கடமை. ஸ்க்ரூவை ஏற்றி வைத்திருந்ததால் எஞ்சின் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது, வண்டி இலேசாக அதிர்ந்ததே தவிர ஆடவில்லை. பின்சீட்டில் அண்ணன் கல்லாகக் கிடந்தார். அண்ணி சொன்னதன் அர்த்தம் அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"எஞ்சின் சூடாயிடுச்சி, ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு ஸ்க்ரூடிரைவருடன் இறங்கிப் பானெட்டைத் தூக்கினேன். ஸ்லோ ஸ்க்ரூவை வெளியே திருகினேன். அரைச்சுற்று. எஞ்சின் இறங்கியது. இன்னும் கால்சுற்று. நொண்டல் ஆரம்பித்தது. மூன்று அடி, ஒரு காலி. மூன்று அடி, ஒரு காலி. ஒவ்வொரு காலிக்கும் வண்டி முழுக்கக் குலுங்கியது. இன்னும் ஒரு மயிரிழை திருகினால் நின்றுவிடும், நின்றால் புளியமரம்தான். வீங்கின மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு அந்த மயிரிழைக்கு முன்னால் நிறுத்தினேன். எஞ்சின் விழப்போய், நிமிர்ந்து, விழப்போய், நிமிர்ந்து ஓடியது. என் ஆயுளில் அவ்வளவு சரியாக நான் எந்த வண்டிக்கும் ஸ்லோ வைத்ததில்லை.

பானெட்டின் இடுக்கு வழியாகப் பார்த்தேன். அண்ணன் நெஞ்சின் மேல் போட்டிருந்த துண்டு ஏறியது, இறங்கியது. பெரியப்பா ஜன்னலுக்குள் கையை விட்டு நெஞ்சில் வைத்தார். வைத்த கையும் சேர்ந்து ஆடியது. வெகுநேரம் வைத்திருந்தார்.

"இழுத்துக்கினு கீது. சீக்கிரம் வூட்டுக்குப் போ" என்றார்.

அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும் என்று பின்னாளில் யோசித்திருக்கிறேன். அவரிடம் நான் கேட்கவில்லை, அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

வாசலில் வண்டியை நிறுத்திக் காலை எடுத்ததும் அதே நொண்டல் மறுபடி ஆரம்பித்தது. தெருவே கூடியிருந்தது. அண்ணன் பெண்கள் இரண்டு பேரும் பாலாடையில் பாலோடு நின்றார்கள். பெரியவள் கதவைத் திறந்ததும் அழுது விழுந்துவிட்டாள். சின்னவளுக்கு எட்டு வயது. அவள்தான் வண்டிக்குள் ஏறி, அப்பா முகத்தருகில் குனிந்து பாலை ஊற்றினாள். உதட்டோரத்தில் வழிந்தது கொஞ்சம், குலுக்கலில் உள்ளே போனது கொஞ்சம். "முழுங்கறான், முழுங்கறான்" என்று யாரோ சொன்னார்கள். சின்னவள் அப்பாவின் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது அசைய அசைய அவள் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. இன்னும் கொஞ்சம் பால் கொடு என்று கேட்டு வாங்கினாள்.

அண்ணி அவளைத் தடுக்கவில்லை. அந்தப் பாலும் முடிகிற வரை காத்திருந்தாள். பிறகு கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். கேட்டிலிருந்து கிளம்பின பிறகு அவள் என்னைப் பார்த்தது அப்போதுதான்.

"போதும் தம்பி. நிறுத்து."

சாவியில் கை வைத்தேன். திருப்ப முடியவில்லை. திருப்பினால் என்ன ஆகும் என்று அந்தத் தெருவில் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். அவள் இன்னொரு தடவை சொன்னாள், மெதுவாக. நான் சாவியைத் திருப்பினேன்.

வண்டி இரண்டு தடவை உதறிவிட்டு நின்றது. அண்ணன் நெஞ்சின் துண்டும் நின்றது. பெண்கள் ஓவென்று குரலெடுத்தார்கள். "வாசல பாத்துட்டுத்தான் உசுர வுட்டான், புண்ணியவான்" என்று பெரியப்பா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நாலு பேர் அண்ணனைத் தூக்கி, அவர் ஆசைப்பட்டபடி நடுவீட்டில் கொண்டுபோய்க் கிடத்தினார்கள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

சின்னவள் மட்டும் இறங்கவில்லை. காலிப் பாலாடையோடு பின்சீட்டில் நின்றுகொண்டு என் தோளைத் தட்டினாள்.

"சித்தப்பா, நீ ஏன் வண்டிய நிறுத்துன? அப்பா மூச்சு வுட்டுக்கினுதான இருந்தாரு?"

அண்ணி வந்து அவளைத் தூக்கிக்கொண்டு போனாள். அண்ணியும் நானும் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொண்டதில்லை. அவருக்குச் செய்ய வேண்டியதைச் செய்தோம் என்றுதான் இருவரும் இருந்தோம். சின்னவளும் அந்தக் கேள்வியை அப்புறம் கேட்கவில்லை. ஆனால் என் வண்டியில் ஏறவும் இல்லை. பள்ளிக்கூடத்துக்கு மழையில் நடந்தே போனாள். அவள் கல்யாணத்தன்று வண்டியைக் கழுவி, பூச்சரம் கட்டி, வாசலில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தேன். மணக்கோலத்தில் வெளியே வந்தவள் காரைக் கடந்துபோய்ப் பக்கத்தில் நின்ற மாட்டு வண்டியில் ஏறிக்கொண்டாள்.